பிரிண்டர் விலையா, பக்கத்தின் அடக்கமா?

துவரம் பருப்பு ஒரு லோடு வாங்கும்போது மூட்டையின் விலையை மட்டும் பார்த்து நாம் முன்பணம் கொடுப்பதில்லை. லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, சாக்கு எடை, தூசி தும்பு கழிவு எல்லாம் சேர்த்து, கடைக்கு வந்து சேரும்போது கிலோவுக்கு என்ன அடக்கம் விழுகிறது என்று பார்த்த பிறகுதான் பேச்சை முடிக்கிறோம். இதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பிரிண்டர் வாங்கப் போகும்போது மட்டும் நம்மவர்கள் பலர் இந்தப் பழக்கத்தைக் கல்லாவிலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள். எது விலை குறைவு என்று கேட்டு அதையே தூக்கி வருகிறார்கள். பிறகு மை வாங்கியே நொந்துபோகிறார்கள்.

உறுப்பினர்கள் சிலர் கேட்டுக்கொண்டதால் இதைப் பற்றி விரிவாக எழுதுகிறோம். நாம் கம்ப்யூட்டர் படித்தவர்கள் அல்ல. பள்ளிப் படிப்போடு மண்டிக்கு வந்தவர்கள். நமக்குத் தெரிந்தது கணக்கு. இந்த விஷயத்துக்கு வேண்டியதும் அதுதான்.

நம்மில் பலருக்குக் கீழே கடை, மாடியில் வீடு. ஒரே பிரிண்டர் இரண்டுக்கும் உழைக்க வேண்டும். கடைக்கு விலைப்பட்டியல், பாக்கிக்காரர்களுக்குக் கொடுக்கும் கணக்குத்தாள், ஜி.எஸ்.டி. தாக்கல் செய்த நகல், வங்கிக் கணக்கு விவரம். வீட்டுக்குப் பிள்ளைகளின் பள்ளிப் பாடம், ரயில் டிக்கெட், ஆதார் நகல். இத்தனைக்கும் உதவுகிற ஒன்றைத்தான் இங்கே பிரதானமாகப் பேசுகிறோம். கவுண்டரில் வைத்து நாள் முழுதும் பில் போடும் இயந்திரம் வேறு ஜாதி. அதைப் பின்னால் பார்ப்போம்.

இயந்திரம் மலிவு, மை விலை

இந்தத் தொழிலின் வியாபார முறையை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். ஷேவிங் ரேசரின் கைப்பிடியை மலிவாகக் கொடுத்துவிட்டு, பிளேடு விற்றுக் காலமெல்லாம் சம்பாதிப்பது பழைய முறை. சிறிய கார்ட்ரிட்ஜ் போடும் பிரிண்டர்களும் அதே வழியில்தான் விற்கப்படுகின்றன. இயந்திரத்தில் அவர்களுக்குப் பெரிய இலாபம் இல்லை, இலாபமெல்லாம் மையில். யானையை வாங்குவது பெரிதல்ல, அதற்குத் தீனி போடுவதுதான் பெரிது என்று நம் பெரியவர்கள் சொல்வது இதற்குப் பொருந்தும்.

நம்மிடம் சரக்கு எடுக்கும் சில்லறை மளிகைக்காரர் ஒருவர், மகளின் படிப்புக்கும் கடையின் விலைப்பட்டியலுக்குமாக நாலாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக ஒரு பிரிண்டர் வாங்கினார். எதிலும் சிக்கனமானவர், அவர் கடையில் ஒரு சணல் கயிறுகூட வீணாகாது. மை வாங்கிய சீட்டுகளையும் கம்பியில் குத்தி வைத்திருந்தார். ஒரு வருடம் கழித்து அந்தச் சீட்டுகளை எடுத்துக் கூட்டிப் பார்த்தோம். பதினோராயிரத்தைத் தாண்டிவிட்டது! அச்சடித்ததோ சுமார் 2,500 பக்கம். இயந்திரத்தின் விலையைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஒரே வருடத்தில் மைக்குப் போயிருக்கிறது. மாதம் தொள்ளாயிரம் ரூபாய் என்றால், கிலோவுக்கு ஒரு ரூபாய் நிற்கிற சர்க்கரையில் ஒன்பது குவிண்டால் விற்றால்தான் அதை ஈடுகட்ட முடியும்.

காரணம் என்ன? அந்த வகைச் சிறிய கார்ட்ரிட்ஜில் ஒன்றுக்கு 120 முதல் 200 பக்கம்தான் வரும். இந்த எண்ணிக்கை பெட்டியின் மேலேயே சின்ன எழுத்தில் இருக்கும். வாங்கும்போது யாரும் படிப்பதில்லை.

படித்தாலும் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும. கம்பெனிக்காரர்கள் சொல்லும் பக்க எண்ணிக்கை, சர்வதேசத் தர விதிப்படி வகுத்த மாதிரிப் பக்கங்களை அச்சடித்துப் பார்த்துச் சொல்வது. கருப்பு எழுத்துக்கு அது ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கு இடத்தில் மட்டும் மை படும் பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது ஒரு சாதாரணக் கடிதம். நம்மவர்களோ விலைப்பட்டியலின் தலைப்பில் கன்னங்கரேல் என்று ஒரு பட்டை போட்டு, அதன் நடுவே வெள்ளை எழுத்தில் கடைப் பெயரைப் போடுகிறார்கள்; மூலையில் குலதெய்வத்தின் வண்ணப்படம் வேறு. அப்படிப்பட்ட தாளில் மை நான்கைந்து மடங்கு செலவாகும். பட்டையை எடுத்துவிட்டு, வெள்ளைத் தாளில் கருப்பு எழுத்தாகப் பெயரைப் போட்டாலே மைச் செலவு பாதிக்கு மேல் குறையும். படம்தான் வேண்டுமென்றால் பிரஸ்ஸில் கொடுத்து லெட்டர்பேடாக அடித்து வைத்துக்கொண்டு, அதில் எழுத்தை மட்டும் பிரிண்டரில் போடலாம்.

மூன்று வருடக் கணக்கு

இனி அடக்கத்தைப் போடுவோம். மாதம் 250 பக்கம் அச்சடிக்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். மூன்று வருடத்தில் 9,000 பக்கம். கீழே போடும் விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊரில் கேட்ட விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள், முறை ஒன்றேதான்.

கார்ட்ரிட்ஜ் பிரிண்டர் 4,000 ரூபாய். கார்ட்ரிட்ஜ் 900 ரூபாய், அதில் 200 பக்கம். ஆக மை மட்டும் பக்கத்துக்கு நாலரை ரூபாய். 9,000 பக்கத்துக்கு 45 கார்ட்ரிட்ஜ், அதாவது 40,500. இயந்திரத்தோடு சேர்த்து 44,500. பக்கத்துக்கு ஏறக்குறைய ஐந்து ரூபாய் அடக்கம்.

அடுத்தது இங்க் டேங்க். இதில் கார்ட்ரிட்ஜ் கிடையாது. பக்கவாட்டில் சிறு தொட்டிகள் இருக்கும். பாட்டில் மையை நாமே ஊற்றிக்கொள்ளலாம். இயந்திரம் 13,000 என்று வைப்போம். நம் ஊர்களில் பரவலாக விற்கும் எப்சன் 003 என்ற மையில் 65 மில்லி கருப்புப் பாட்டில் 4,500 பக்கம் வரும் என்கிறது கம்பெனி. பாட்டில் 400 ரூபாய் என்றால் பக்கத்துக்கு ஒன்பது பைசாதான். 9,000 பக்கத்துக்கு இரண்டு பாட்டில், 800 ரூபாய். கலர் மைக்கும், ஹெட் சுத்தம் செய்கையில் வீணாகும் மைக்கும் தாராளமாக இன்னொரு 2,200 சேர்த்தாலும் மொத்தம் 16,000. பக்கத்துக்கு ஒரு ரூபாய் எண்பது பைசா. அதிலும் பெரும்பங்கு இயந்திரத்தின் விலை.

மூன்றாவது, கருப்பு மட்டும் அடிக்கும் லேசர். இயந்திரம் 15,000. 1,500 பக்கம் வரும் கம்பெனி டோனர் 4,500 என்றால், ஆறு டோனருக்கு 27,000, மொத்தம் 42,000. வெளியே டோனர் தூளை நிரப்பித் தருபவர்களிடம் கொடுத்தால் ஒரு முறைக்கு 400 ரூபாய்; ஆறு முறைக்கு 2,400. நடுவே டிரம், பிளேடு மாற்ற 2,000 வைத்தாலும் மொத்தம் 19,400. பக்கத்துக்கு இரண்டு ரூபாய் பதினாறு பைசா. ஆக லேசர் வாங்குபவர், நல்ல ரீஃபில் செய்து தருபவர் தம் ஊரில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு வாங்க வேண்டும். இல்லையென்றால் கார்ட்ரிட்ஜ் கதைதான்.

கார்ட்ரிட்ஜ் பிரிண்டருக்கும் டேங்க் பிரிண்டருக்கும் விலை வித்தியாசம் 9,000. பக்கத்துக்கு மிச்சம் சுமார் நாலு ரூபாய் நாற்பது பைசா. வகுத்துப் பார்த்தால் இரண்டாயிரத்துச் சொச்சம் பக்கத்தில் வித்தியாசம் திரும்பி வந்துவிடுகிறது. மாதம் 250 பக்கம் அடிப்பவருக்கு எட்டு அல்லது ஒன்பது மாதம். வட்டிக்கு வாங்கிப் போட்டாலும் கட்டுபடியாகும்.

ஆனால் மாதம் முப்பது பக்கம்தான் அடிப்போம் என்பவருக்கு நாம் எதையும் சிபாரிசு செய்ய மாட்டோம். மூன்று வருடத்தில் அவருக்கு 1,080 பக்கம். தெருமுனை ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்கு ஐந்து ரூபாய் என்றாலும் 5,400தான் ஆகும். சொந்தமாகப் பிரிண்டர் வாங்கினால் அதைவிடக் கூடும். அதோடு, மைப் பிரிண்டரை மாதக்கணக்கில் சும்மா போட்டால் மை வரும் நுண்துளைகள் காய்ந்து அடைத்துக்கொள்ளும். அடைப்பு எடுக்கக் கொடுத்தால் ஆயிரம் ரெண்டாயிரம் கேட்பார்கள். கணக்குத்தாளை வெளியே அனுப்பி அடிக்க மனமில்லை, அது நம் கடை ரகசியம் என்பவர்கள் லேசர் வாங்கலாம். டோனர் உலர்ந்த தூள். ஆறு மாதம் கிடந்தாலும் காய்வதற்கு அதில் ஒன்றுமில்லை.

லேசரில் இன்னொரு நன்மை, எழுத்து சூட்டில் தாளோடு ஒட்டிவிடுவதால் ஈரக்கை பட்டாலும் கலையாது. தயிர், பால் பெட்டி அருகே விலை ஒட்டுபவர்களுக்கு இது முக்கியம். டேங்க் பிரிண்டர் மையில் இரண்டு வகை உண்டு. சாய மை தண்ணீரில் கரையும். பிக்மென்ட் மை அவ்வளவாகக் கரையாது. சில மாடல்களில் கருப்பு மட்டும் பிக்மென்டாக இருக்கும். கடையில் ஒரு தாள் அடிக்கச் சொல்லி, பத்து நிமிடம் பொறுத்து, விரலை நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. மிளகை வாயில் போட்டுப் பார்த்துத்தானே வாங்குகிறோம்?

லேசருக்கு ஒரு குறையும் சொல்ல வேண்டும். அச்சடிக்கும் நேரத்தில் உள்ளே உருளை சூடேற நூற்றுக்கணக்கான வாட் மின்சாரம் இழுக்கும். கம்ப்யூட்டருக்கு வைத்த சிறிய யு.பி.எஸ்.ஸில் இதையும் மாட்டினால் யு.பி.எஸ். படுத்துவிடும். மை பிரிண்டருக்குப் பத்து இருபது வாட் போதும். மின்வெட்டு அடிக்கடி உள்ள ஊர்க்காரர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வாங்கும் இடத்தில்

புது லேசரோடு வரும் டோனர் பல மாடல்களில் முழு அளவு கிடையாது. பாதி அளவோ அதற்குச் சற்றுக் கூடவோதான் இருக்கும். டேங்க் பிரிண்டரில் முதல் பாட்டில் மையில் ஒரு பகுதி உள்ளே உள்ள குழாய்களை நிரப்பவே போய்விடும். ஆகவே முதல் தடவை பக்கம் குறைவது கண்டு பதற வேண்டாம்.

டேங்க் பிரிண்டரில் கட்டாயம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. ஹெட்டைச் சுத்தம் செய்யும்போது வெளியேறும் கழிவு மை உள்ளே ஒரு பஞ்சில் சேர்கிறது. அது நிறைந்துவிட்டால் இயந்திரம் நின்றுவிடும். சில மாடல்களில் அதை ஒரு பெட்டியாக வைத்திருக்கிறார்கள். வாங்கி நாமே மாற்றிக்கொள்ளலாம். சிலவற்றில் சர்வீஸ் சென்டருக்குத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். விலை இருநூறு முந்நூறு கூடினாலும் முதல் வகையே நல்லது.

கார்ட்ரிட்ஜ், டோனர் பலவற்றில் ஒரு சிப் இருக்கிறது. வேறு கம்பெனி மையோ ரீஃபிலோ போட்டால் இயந்திரம் ஏற்காமல் அடம்பிடிக்கும். இன்டர்நெட் மூலம் இயந்திரத்தின் மென்பொருள் புதுப்பிக்கப்பட்ட பிறகு, நேற்றுவரை ஓடியதும் நின்றுபோவது உண்டு. சில பிரிண்டர்கள் கலர் மை தீர்ந்துவிட்டால் கருப்பையும் அடிக்க மறுக்கும். வாங்குமுன் இதை நேரடியாகக் கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் அடுத்த கடைக்குப் போங்கள்.

சென்னை ரிச்சி தெருவில் ஐந்நூறு ரூபாய் குறைகிறது என்று அங்கே போய் வாங்கி வருபவர்கள் உண்டு. தவறில்லை. ஆனால் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் நம் ஊரிலோ பக்கத்து டவுனிலோ இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். வழக்கமான முறையில் ஜி.எஸ்.டி. கட்டுபவர்கள், கடை உபயோகத்துக்கு வாங்குவதானால், பில்லில் தங்கள் பதிவு எண்ணைப் போடச் சொல்லி வாங்கினால் உள்ளீட்டு வரி வரவு கிடைக்கும். இணக்க முறையில், அதாவது காம்போசிஷனில், இருப்பவர்களுக்கு அது கிடையாது.

பில் போடும் இயந்திரங்கள்

கவுண்டருக்கு இரண்டு வகை. சில்லறைக் கடைகளில் பரவியிருப்பது தெர்மல். இதற்கு மையே கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் தாளில் எழுத்து விழுகிறது. 80 மில்லிமீட்டர் அகலம், 50 மீட்டர் நீளமுள்ள ரோல் 80 ரூபாய் என்று வைத்தால், பில் ஒன்று 20 சென்டிமீட்டர் நீளத்தில் 250 பில் வரும். பில்லுக்கு 32 பைசா. தமிழில் பெயர் விழ வேண்டுமென்றால் பில்லிங் மென்பொருள் தமிழ் எழுத்தைப் படமாக அனுப்ப வேண்டும். வாங்குமுன் உங்கள் மென்பொருளிலிருந்தே "உளுத்தம் பருப்பு" என்று ஒரு வரி அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. தெர்மல் பில் சூட்டிலும் வெயிலிலும் எண்ணெய்க் கையிலும் வெளுத்துவிடும். பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தாலும் வெளுக்கிறது. நாம் கொடுக்கும் சில்லறை பில் வெளுத்தால் பெரிய நஷ்டமில்லை. நாம் கொள்முதல் செய்த பில் வெளுத்தால்தான் தொல்லை. வரி வரவு எடுக்க பில் நம் கையில் இருக்க வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டம். கணக்கு ஆவணங்களை, அந்த வருட ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்கவும் வேண்டும். ஆறு வருடம் கழித்து வெறும் வெள்ளைச் சுருளைக் காட்டி அதிகாரியிடம் என்ன சொல்வது? தெர்மல் பில்லாக வரும் கொள்முதல் பில்லை வந்த அன்றே ஒரு நகல் எடுத்து, இரண்டையும் சேர்த்துப் பின் செய்து வையுங்கள். ஸ்கேனர் சேர்ந்த பிரிண்டராக வாங்கச் சொல்வது இதற்காகவும்தான்.

மொத்த வியாபாரிகளுக்கு இன்றும் டாட் மேட்ரிக்ஸ்தான் என்பது நமது அபிப்பிராயம். சரக்கு பில்லுக்கு மூன்று பிரதி வேண்டும்: வாங்குபவருக்கு ஒன்று, வண்டிக்காரருக்கு ஒன்று, நமக்கு ஒன்று. டாட் மேட்ரிக்ஸ் ஊசியால் தட்டி எழுதுவதால் கார்பன் வைத்தால் மூன்றும் ஒரே அடியில் விழும். மற்ற எதனாலும் இது முடியாது. மூன்று தடவை அடிக்க வேண்டும். ரிப்பன் விலை குறைவு. இருபது முப்பது லட்சம் எழுத்துவரை அடிக்கும். தீரும்போதும் சட்டென்று நிற்காது. எழுத்து மங்கி மங்கி நமக்கு நாள் கொடுக்கும். மிளகாய் மண்டித் தூசியிலும் ஓடும். சத்தம்தான் சகிக்காது. மாடியில் பிள்ளை படிக்கும் அறையில் இதை வைக்க முடியாது.

தாளைத் தராசில் போடுங்கள்

டேங்க் பிரிண்டர் வாங்கியவருக்கு மையைவிடத் தாள்தான் பெரிய செலவு. ஐந்நூறு தாள் கட்டு 280 ரூபாய் என்றால் தாள் ஒன்று 56 பைசா. மையோ ஒன்பது பைசா. ஆகவே இருபுறமும் தானே அடிக்கும் வசதி உள்ள மாடலுக்குச் சற்றுக் கூடுதல் கொடுக்கலாம்.

தாளில் ஏமாற்று உண்டு. நம்மிடம் அதற்குத் தராசும் உண்டு. ஏ4 தாள் 75 ஜி.எஸ்.எம். என்று போட்டிருந்தால், ஐந்நூறு தாள் 2 கிலோ 340 கிராம் இருக்க வேண்டும். 70 ஜி.எஸ்.எம். என்றால் 2 கிலோ 180 கிராம். மேலுறை எடை தனி. தெர்மல் ரோலில் இது இன்னும் அவசியம். நடுக்குழல் பருமனாக, தாள் குறைவாகச் சுற்றிய ரோல்கள் 50 மீட்டர் என்று வருகின்றன. 80 மில்லிமீட்டர் அகலத்தில் 55 ஜி.எஸ்.எம். தாள் 50 மீட்டர் என்றால், குழல் நீங்கலாக 220 கிராம், 48 ஜி.எஸ்.எம். ஆனால் 192 கிராம். ஒரு பெட்டி வாங்கும்போது ஒரு ரோலைப் போட்டுப் பார்த்துவிட்டு மீதியை இறக்கலாம்.

இயந்திரத்தை அரிசி மாவு, மிளகாய்த் தூள் பொட்டலம் போடும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. தூள் உருளையில் படிந்து தாளைப் பிடிக்காமல் வழுக்கும். இரவில் துணி போட்டு மூடுங்கள். பல்லியும் கரப்பானும் சூடான பெட்டியைத்தான் தேடி வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பிரித்த தாள்கட்டு ஈரம் வாங்கினால் இரண்டிரண்டாகப் போய்ச் சிக்கும். மீதத் தாளைப் பிஸ்கட் டின்னில் போட்டு மூடி வைத்தால் போதும். மை பிரிண்டர் வைத்திருப்பவர்கள் வெள்ளிக்கிழமை கடை துடைத்துப் பூஜை போட்டதும், அந்த வார விலைப்பட்டியலைக் கருப்பிலும் கலரிலுமாக ஒரு தாள் அடித்துவிட்டால் துளை அடைக்காது.